பட்டறைப் பேச்சு

— ‘உன்னைக் கொன்னு பொதைச்சுட்டுத்தான் டீ குடிப்பேன்’னு உங்க தம்பி உங்க வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.

— சொன்னான் வக்கீல் சார். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சாங்க.

— பொதைக்காமலா?

— ஜட்ஜ் ஐயா, இவர் கேக்கற கேள்வியப் பாருங்க.

— பதில் சொல்லுங்கம்மா. கொலை மிரட்டல்னு பக்கத்துக் கடைக்காரர் சாட்சி சொல்லியிருக்கார்.

— மிரட்டல் இல்லைங்கய்யா, பட்டறைப் பேச்சு. லாரி ரிப்பேர் பண்ற இடத்துல கொஞ்சிக்கிட்டா இருப்பாங்க? ஸ்பேனர் குடுக்க லேட்டானா கொன்னுடுவேம்பான். போல்ட் கழண்டு வரலேன்னா போல்ட்டையும் கொன்னுடுவேம்பான்.

— போல்ட்டை. சரி. ‘தோலை உரிச்சுத் தொங்க விடுவேன்’னது?

— அது என்னைங்க. அவன் சட்டையத் துவைக்காம விட்டுட்டேன்.

— ‘இந்த ஆளு செத்தாத்தான் எனக்கு விடிவு’?

— அது நான் சொன்னது வக்கீல் சார். எந்தப் பொண்டாட்டி சொல்லல? அதுக்காக என்னையும் உள்ள தூக்கிப் போடுவீங்களா?

— பின்னாடி யாரும் சிரிக்கக் கூடாது. இது கோர்ட்.

— சிரிச்சுட்டுப் போகட்டும் ஐயா. நான் புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கிறேன். மிச்சம் இருக்கறது எதிர்க் கூண்டுல நிக்கிற இந்த ஒரு தம்பி. ஜாக்கி நழுவி லாரி அவர் மேல இறங்கிடுச்சு. அதுக்கு இவன் என்ன பண்ணுவான்?

— பட்டறைய வித்துடப் போறேன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கப்புறம்தானே இந்தத் திட்டெல்லாம்?

— அதுக்கு முன்னாடியும் இதே வாய்தான். அவனுக்கு அது மூச்சு விடற மாதிரி.

— சரி. லாரி விழுந்த அன்னைக்கு என்ன சொல்லித் திட்டினார்?

— அன்னைக்குத் திட்டவே இல்லை. நல்லா எழுதிக்குங்க. நான் அடுப்படி ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ‘வாங்க மாமா, பார்த்து வாங்க. கொஞ்சம் அடியில படுத்து பிரேக்கைப் பாருங்க’ன்னான். எனக்கே மனசு குளுந்துபோச்சு.

— மாமாவை எப்பவும் வாங்க போங்கன்னுதான் பேசுவாரா?

— அவனா? நல்லா சொன்னீங்க போங்க. எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து ‘யோவ், இங்க வாய்யா’தான்.

— அப்ப அன்னைக்கு மட்டும்தான் மரியாதை.

— ஆமாங்க. அன்னைக்கு மட்டும்...

— ஏம்மா நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்லைங்கய்யா.

— வேற யாரையாவது உங்க தம்பி இப்படிப் புதுசா மரியாதை குடுத்துக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா? ஜட்ஜ் நான் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க.

— பட்டறையில ஒரு நாய் இருந்துச்சுங்கய்யா. வயசாகி, வர்றவங்களைக் கடிக்க ஆரம்பிச்சுடுச்சு. சனியனேன்னுதான் அதைக் கூப்பிடுவான். ஒரு நாள் ‘வாங்க ராசா, வாங்க’ன்னு தடவிக் குடுத்து, கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போனான்.

— திரும்பி வந்துச்சா?

— அவன் மட்டும்தாங்கய்யா திரும்பி வந்தான்.

— தண்ணி குடிக்கிறீங்களாம்மா?

— வேணாங்கய்யா. என் தம்பியக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அவன் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா, மிச்சத்தை என்னால சொல்ல முடியாது.