சும்மா கிடக்கும் நிலம்

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே, அறிவிலும் அகவையிலும் என்னை விஞ்சிய ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் அன்னையரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மேடையின் கடைசி நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாளே, அவள் சூழலியல் ஆய்வாளர். எனக்கு மருமகள். மருமகளைப் பாராட்ட மாமியார் வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், அப்படியும் நடக்கும்.

நம் நகரின் நடுவே ஒரு சதுப்பு நிலம். "சும்மாதானே கிடக்குது, மண்ணக் கொட்டி பஸ் டெப்போ கட்டலாம்" என்றார்கள் நகரமன்றத்தார். இவளோ இடுப்பளவு சேற்றில் இறங்கி அளவுகோல் நட்டாள். எந்தத் தெருவின் நீர் எங்கே சேர்கிறது, எந்த வீட்டுக்கு அங்கிருந்து குளிர்காற்று வருகிறது, எந்தத் தோட்டத்துக்கு அங்கிருந்து தேனீ பறக்கிறது என்று வரைபடம் வரைந்தாள். "உங்க மருமக எங்க வேலை பாக்குறா?" என்று கேட்டவர்களிடம் "சேத்துல" என்றேன். வேறென்ன சொல்வது?

"அத்தை, அது சும்மா கிடக்கல, நமக்காக வேலை செய்யுது" என்றாள்.

"என்ன வேலை? துணி துவைக்குதா?"

"தண்ணியவே துவைக்குது அத்தை."

நான் நம்பினேனா? இல்லை. நகரமன்றம் நம்பியதா? அதுவும் இல்லை.

வந்தது பெருமழை. சதுப்பை ஒட்டிய மருத்துவமனையின் தரைத்தள வார்டில், பிரசவ வலியில் என் மகள். வெள்ளம் உள்ளே புகுந்தால் அவளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மேட்டுத் தெருக்களில் இருந்து பாய்ந்து வந்த நீர் படியைத் தொடவில்லை. சாலையைக் கடந்து சதுப்பில் இறங்கியது. நாணலுக்குள் நுழைந்தது, நடை தளர்ந்தது, நின்றது. உள்ளே பேத்தி அழுதாள். வெளியே நான் அழுதேன்.

மருமகள் ஓடிவந்தாள், முழங்கால் வரை சேறு. "காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார் செவிலியர். "கழுவட்டும் சிஸ்டர், ஆனா அந்தச் சேத்தத் திட்டாதீங்க. உங்க வார்டக் காப்பாத்தினதே அதுதான்" என்றேன்.

இன்று காலை நகரமன்றம் டெப்போவை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. செய்தி கேட்டதும் அப்பாடா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன, கைதட்டலா? எனக்கு வேண்டாம், அந்தக் கடைசி நாற்காலிக்குக் கொடுங்கள்.

தலைவரின் கை மணியை நோக்கி நகர்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கே யாராவது வந்து, "அந்த நிலம் சும்மா கிடக்குதே" என்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். சிரித்தபடியே சொல்லுங்கள்: "ஆமா, சும்மாவே இருக்கட்டும்."

செவிமடுத்த உங்களுக்கும், சேற்றில் நின்ற என் மருமகளுக்கும் நன்றி, வணக்கம்.