நாலாம் நாள் வளையம்

ஜாம் போத்தலைக் கழுவுவதற்குப் பொறுமை வேண்டும், ஐயா. லேபலை உரிக்கச் சுடுதண்ணீர், இனிப்பு மணம் போகச் சாம்பல். திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடமாகக் களஞ்சியம் பார்க்கும் ஸைனுலாப்தீன் ஆகிய நான் எத்தனை போத்தல் கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவற்றில் இறப்பர் வளையங்களை ஊறப் போடுவேன். பம்பின் மூட்டு ஒழுகாமல் இருக்க வைப்போமே, அந்தக் கறுப்பு வளையம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். நம் நாட்டு இறப்பர் ஸ்பிரிட்டில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அதையே எஞ்சின் பாகம் கழுவும் சொல்வன்ட்டில், பெற்றோல் மாதிரிப் பற்றிக்கொள்ளும் அந்தச் சாமானில், போட்டால் ஊதத் தொடங்கும். மூன்று நாள் நன்றாக இறுகி அடைக்கும். நாலாம் நாள் நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வரும். புத்தகத்தில் இது இருக்கலாம். எனக்கு யாரும் புத்தகம் தரவில்லை.

எழுபத்துமூன்றில், சொல்வன்ட்டைத் தாங்கும் வெளிநாட்டு வளையம் வருவது அரிதானது. எந்த வளையம் எதைத் தாங்கும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். போர்மன் யோகலிங்கம் வெற்றிலை போட்டு விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அதில்தான் துடைப்பார். பட்டறையில் எனக்கு நானா, அதாவது அண்ணன், என்றுதான் பேர். "நானாட ஊறுகாய் இன்னும் பதமாகேல்லையோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் போனதும் நான் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு எழுத்தைத் திரும்ப எழுதுவேன்.

ஜெமீல் மட்டும் சிரிக்கமாட்டான். பம்ப் பொருத்துகிறவன், கிண்ணியாக்காரன், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. எந்த வளையத்தையும் என்னிடம் காட்டாமல் பூட்டமாட்டான். அந்தத் திங்கட்கிழமையும் காட்டினான். கையில் இருந்தது நம் நாட்டு வளையம்.

"நானா, இது சொல்வன்ட்டுக்குத் தாங்குமா?"

கடைசி வெளிநாட்டு வளையம் என் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது.

"ஓம் தம்பி, தாங்கும். போடுங்க," என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒன்று நடக்காமல் அவர்கள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்களா? யோகலிங்கத்திடம் இதைப் பூட்டச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் என் சொல்லைக் கேட்கிறவர் இல்லை. என்னை நம்பிப் பூட்டுகிறவன் ஜெமீல் ஒருவன்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

செவ்வாயும் புதனும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. "உங்கட கை ராசி, நானா," என்று தேத்தண்ணி வாங்கித் தந்தான். குடித்தேன்.

வியாழக்கிழமை நான் லீவு. கடிதத்தைத் திங்களன்றே கொடுத்துவிட்டேன். மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகின் பின்பக்கமாக இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். பம்பைத் தினமும் பத்து மணிக்கு ஓட்டுவார்கள். வளையம் பிய்ந்து, சொல்வன்ட் பீறி, மோட்டாரின் பொறியில் பட்டிருக்கிறது. ஜெமீல் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். பத்து இருபதுக்குப் புகை எழும்பியது.

ஜெமீலின் மய்யித்தை அடக்குவதற்கு முன் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சித்தி பரீதா திரைக்கு அந்தப் பக்கமிருந்து அழுதாள். "எல்லாரையும் விட உங்கட சொல்லைத்தானே நானா அவர் கேட்டார்." எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு விசாரணை நடந்தது. மூன்று பொறியியலாளர்கள் வந்தார்கள். என் போத்தல்களைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். நேரமில்லை என்றார்கள். பம்ப் பழசு, அதனால் ஒழுகித் தீப்பிடித்தது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சுவரில் என் தாளின்மேல் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார் யோகலிங்கம். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, ஐயா.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஜெமீலைக் கொன்றவன் நான். அதை உங்களுக்கு விருப்பமான மாதிரி எழுதுங்கள். ஆனால் பம்பில் பிழை இல்லை என்று திருத்தி எழுதவேண்டும். பிய்ந்தது வளையம். அதுவும் சரியாக நாலாம் நாள். ஒரு போத்தலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். நகத்தால் மெல்லக் கிள்ளிப் பாருங்கள், ஐயா.