இன்னும் இரண்டு லோடு

காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னேன், போட்டே கொண்டுவந்துவிட்டார்கள். பரவாயில்லை சார், குடித்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் காவ்யஸ்ரீ. ஒரு கட்டடத்தை இடித்தால் எவ்வளவு கழிவு வரும் என்று இடிக்கும் முன்பே கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது என் வேலை. மதுரையில் இடிபட்ட நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களின் விவரத்தை அலைந்து சேர்த்தேன். வயது என்ன, சுவர் எத்தனை கனம், சுண்ணாம்பா சிமெண்டா, கடைசியில் எத்தனை டிப்பர் லோடு போனது. அதை வைத்து ஒரு மாடல் செய்தேன். இடிப்பு காண்டிராக்டர் உக்கிரபாண்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "காவ்யா சொன்னா சொன்னதுதாம்ப்பா" என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். இரண்டு வருடமாக என் கணிப்பு ஒரு லோடுக்கு மேல் தப்பியதில்லை. அப்படித் தப்பாமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. ஏழு வருடத்துக்கு முன்பு, பசுமலையில் எங்கள் பக்கத்து வீட்டை அவர் இடித்தார். மண்ணையெல்லாம் எங்கள் கொல்லைச் சுவரில் சாய்த்துக் குவித்தார். என் அப்பா ராமதாஸ் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுவர் அவர்மேல் விழுந்தது. உக்கிரபாண்டி போலீஸில் சொன்னது ஒரே பதில்தான். "எம்புட்டு மண்ணு வரும்னு யாருக்கு சார் தெரியும்?" விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். துக்கம் கேட்கக்கூட அவர் வரவில்லை. செத்தவர் பெயர் என்ன என்றுகூட விசாரிக்கவில்லை. என் அம்மா இன்றுவரை துணியை வீட்டுக்குள்தான் உலர்த்துகிறாள். யாருக்கும் தெரியாதென்றால் நான் தெரிந்துகொள்கிறேன் என்றுதான் இந்தப் படிப்பே படித்தேன்.

அவசரப்படவில்லை. எனக்குத் தோதான கட்டடம் வரவேண்டுமே. காளவாசல் பக்கம் ஒரு சின்னப் பழைய கல்யாண மண்டபம் வந்தது, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இடித்துவிடுகிற அளவுதான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சைட்டிலிருந்து ஒரு கூடை மண்ணைக்கூட வெளியே அனுப்ப மாட்டார், லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அன்று இடிப்பதெல்லாம் பின்சுவரோரம் குவியும், மறுநாள்தான் டிப்பர் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. அங்கேதான் சுவரை ஒட்டி அவருடைய தகர ஷெட். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அதில் சாமி படத்துக்குப் பூப்போட்டுக் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார்.

கெட்டியாக நிற்கும் சுவர் இடிந்து உதிர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றரையாகப் பெருகும். அந்த மண்டபத்துக்கு மட்டும் அந்தப் பெருக்கத்தைக் கழற்றிவிட்டேன். மாடல் சொன்னது பதினெட்டு லோடு. நான் எழுதிக் கொடுத்தது பன்னிரண்டு. பின்சுவர் பதினைந்துக்கு மேல் தாங்காது என்பதையும் பார்த்து வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு மேஸ்திரி சோணை போன் செய்தார்.

"தாயி, மண்ணு சுவரு உசரத்துக்கு வந்துருச்சு. இன்னும் எம்புட்டு வரும்? நிப்பாட்டிறவா?"

"இன்னும் ரெண்டு லோடுதாண்ணே. சுவரு தாங்கும், தள்ளச் சொல்லுங்க."

பாவம், அவர் நம்பினார். அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாமே, விட்டுவிடுங்கள். நான் அப்போது காலி மனைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். ஐந்து பத்துக்குச் சுவர் சரிந்தது. ஷெட் இருந்த இடம் தெரியவில்லை.

தங்கப்பொண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள். சைட்டில் கூட்டிப் பெருக்குபவள். மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்து உக்கிரபாண்டியிடம் கொடுப்பாள், கொடுத்தவுடன் வெளியே வந்துவிடுவாள். அன்று அவர் ஏதோ பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்துவிட்டார், அதுவும் அவர் குற்றம்தான். தங்கப்பொண்ணுமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. புளிச்சோறு கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பாள். அவள் மகளை நன்றாகப் படிக்க வைக்கும்படி என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் உள்ளே இருந்தது தெரியுமா என்கிறீர்கள். தெரியும் சார். அவள் செருப்பு ஷெட் வாசலில் கிடந்தது. கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டிருந்தால் அவரும் கூடவே எழுந்து வந்திருப்பார்.