எமெட்டின் முழங்கை

காபி ஆறிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். ஆறின காபிதான் எனக்குப் பழக்கம். பேருந்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் சூடாக எதையும் எதிர்பார்ப்பதில்லை.

லிங்கன் நகரத்திலிருந்து இந்தப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நோரீன் சொன்னது உண்மையா என்று விசாரிக்கக் கல்லூரி உங்களை அனுப்பியிருக்கிறது. நோரீன் பொய் சொல்கிறவர் அல்ல. எங்கள் கல்லூரி அணியின் சிகிச்சையாளர், என் ஆட்டக்காரப் பையன்களின் கணுக்காலுக்கும் தோளுக்கும் கட்டுப் போட்டே தலை நரைத்தவர். அவரை மறுத்து நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

நானும் பந்து எறிந்தவன்தான். பயிற்சியாளராக வருவதற்கு முன்னால், பேஸ்பாலின் கீழ் லீக்குகளில் என் இளமை முழுவதையும் செலவழித்தேன். மலிவான விடுதி, எண்ணெய் சொட்டும் பர்கர், விடியும்வரை பேருந்து. மேல் லீக்குக்கு ஒரே ஒரு படி மிச்சம் இருந்தது. ஐயோவாவில் ஒரு மத்தியானம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கார்டன், உன் வேகம் இனிமே ஏறாதுப்பா. ஊருக்குப் போய் வேற பொழப்பப் பாரு.”

அதே நாள் என் அறைத்தோழனுக்கு மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவன் நான்தான். சந்தோஷமாகத்தான் செய்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பிறகு இந்தக் கல்லூரி. சின்ன மைதானம், மரப் பலகை இருக்கைகள், எந்நேரமும் காற்று. இங்கே நான் நல்ல பெயர் எடுத்தேன். பையன்கள் தேர்வில் தோற்றால் திட்டுவேன், வீட்டில் சாவு என்றால் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். விசாரித்துப் பாருங்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

எமெட் டாலிவர் மேற்கே சர்க்கரை பீட்ரூட் பயிரிடும் குடும்பத்துப் பையன். அவன் அப்பா அவனைக் கொண்டுவந்து விட்ட அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இவனுக்கு இந்தக் கை ஒண்ணுதான் சொத்து, கோச். உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன்,” என்றார். நான் கை குலுக்கினேன்.

அவன் எறிந்த பந்து பிடிப்பவனின் கையுறையில் விழும் சத்தத்தைக் கேட்டால் பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் வருடத்தில் மேல் லீக் ஆட்கள் வேகம் அளக்கும் கருவியோடு வேலியோரம் நிற்க ஆரம்பித்தார்கள். ஜூன் மாதம் அவனை எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் ஒருநாள் என் அறைக்கு வந்தான். “கோச், முழங்கையில ஏதோ இழுக்குது. வலின்னு சொல்ல முடியாது,” என்றான். நோரீன் அவனை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மறுநாள் அவன் வகுப்பில் இருந்தபோது டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, கோடை முழுவதும் பந்தைத் தொடாமல் இருந்தால் தானாகவே கூடிவிடும், பையனை உடனே தன்னிடம் அனுப்பவேண்டும் என்றார். “நானே சொல்லி அனுப்பறேன் டாக்டர்,” என்றேன்.

எமெட்டிடமும் நோரீனிடமும் வேறு மாதிரி சொன்னேன்.

“ஒண்ணுமில்லடா. தசை கொஞ்சம் இறுகியிருக்காம். எறிய எறியச் சரியாப் போயிடும்.”

“அப்பாடா,” என்று சிரித்தான். “ராத்திரி பூராத் தூங்கல கோச்.”

சனிக்கிழமை ஆட்டத்தில் அவனைப் பந்து எறியும் மேட்டில் ஏற்றினேன். விரல் விறைக்கிற குளிர். எந்தப் பந்து எறியவேண்டும் என்று பெஞ்சிலிருந்து சைகை காட்டுவது நான்தான். வளைகிற பந்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். முழங்கையை முறுக்கி எடுக்கும் பந்து அது. நாங்கள் ஒன்பது ஓட்டம் முன்னால் இருந்தோம். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், வெற்றிக்காகச் செய்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

நோரீன் என் பக்கத்தில் வந்து நின்றார். “கார்டன், பையன் கைய ஒதறிக்கிட்டே இருக்கான். எறக்குங்க.”

“அவன் கேக்கலையே நோரீன்.”

“அவன் கேக்கமாட்டான். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். இடைவேளையில் பெஞ்சுக்கு வந்தவன், “போதுமா கோச்?” என்றான். “இன்னும் ஒரு தடவை போயிட்டு வந்துடு,” என்றேன். போனான். அவன் முழங்கைத் தசைநார் அறுந்தபோது ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று பிடிப்பவன் பிறகு சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

டாக்டரிடம், பையன் என் பேச்சைக் கேட்காமல் பிடிவாதமாக ஆடினான் என்றேன். உடனே நம்பினார். இந்த வயதுப் பையன்கள் அப்படித்தானே. எமெட்டிடம், ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது என்றேன். அவனும் நம்பினான். போன மாதம் சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது, டாக்டர் நோரீனிடம் அந்தப் பிடிவாதக்காரப் பையன் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்கவில்லையே என்று சொல்லப்போய்த்தான் இத்தனை வருடம் கழித்து நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எமெட் முதல் ஆள் அல்ல. அவனுக்கு முன்னால் இருவர் உண்டு. அது நோரீனுக்குத் தெரியாது, நீங்களும் கேட்கவில்லை. எறிகிறவன் கை கெட்டால் பயிற்சியாளரை வெற்றி வெறி பிடித்தவன் என்பார்கள். திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

நான் யோசித்துத்தான் செய்தேன். மேலே போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தன்னால் முடியாது என்று தானே கண்டுபிடிப்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை. காயத்தால் நின்றுபோனவனுக்கு அந்த அவமானம் கிடையாது. போயிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதை யாரும் தரவில்லை.

இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எமெட்டின் கை முழுதாக நீளவில்லை. இடது கையால்தான் தலை சீவுகிறான். இப்போது என் உதவிப் பயிற்சியாளன். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக என்னைத்தான் நிற்கச் சொன்னான். “நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ கோச்,” என்று வந்தவர்கள் முன்னால் சொன்னான். அவன் சந்தோஷமாக இருக்கிறான். போய்க் கேளுங்கள்.

வருத்தம் இல்லையா என்கிறீர்கள். அவனுக்கு நல்லதைத்தான் செய்தேன், வருத்தப்பட என்ன இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அன்றைக்கு மேட்டில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டவன், தலை நிமிர்ந்து முதலில் தேடியது என்னைத்தான். அவன் அப்பா வேலியோரம்தான் நின்றிருந்தார். அவரை அவன் பார்க்கவில்லை. நான் ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்தேன். அந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது.