நுணுக்குக்காட்டி வில்லை காணாமற்போனது பற்றி

1974 செப்டெம்பர் 19, வியாழக்கிழமை, காலை 9.40.

பெயர்: முஹம்மது பலீல். வயது: 46. தொழில்: நுண்ணுயிரியல் ஆய்வாளர். முகவரி: தேயிலை நோய் ஆய்வுகூட விடுதி, பசறை வீதி, பதுளை.

நான் மேற்படி விடுதியில் தனியாக வசிக்கிறேன். மனைவி ஜெஸீமா ஐந்து வருடங்களுக்கு முன் காலமானார். பிள்ளைகள் இல்லை. தேயிலைச் செடியின் நோய்களைப் பரிசோதிப்பது என் உத்தியோகம். அதற்குப் புறம்பாக, கடல்மீன் தோலில் வளர்ந்து இருட்டில் ஒளிவிடும் ஒருவகைப் பற்றீரியாவை ஆராய்ந்து வருகிறேன். பொலிஸ் சார்ஜன் கேட்டபடியால் விளங்கப்படுத்துகிறேன். இந்தப் பற்றீரியா தனித்திருந்தால் ஒளிவிடாது. ஆனால் தனித்திருக்கும்போதும் ஓர் இரசாயனத்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேயிருக்கும். கூட்டம் பெருகி அந்த இரசாயனமும் பெருகிய பின்னரே, பக்கத்தில் ஆட்கள் இருப்பதை அறிந்ததுபோல் எல்லாம் ஒன்றாக ஒளிவிடும். இதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை.

கந்தப்பன் எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுபவர். வயது ஐம்பது இருக்கும். மனைவி ராசம்மாவோடும் பிள்ளைகளோடும் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தார். மங்கலான ஒளியை ஒருவர் மட்டும் கண்டால் அதை நம்ப முடியாது. காண ஆசைப்படுகிறவனுக்கு இல்லாததும் தெரியும். ஆகையால் தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு, கந்தப்பனின் கம்பளியால் ஜன்னலை மூடிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை இருவரும் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்போம். அப்போது அவர் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, பற்றீரியா வளர்க்கும் போத்தல்களில் ஒளி தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தேயிலை விதை வீதம் அவரவர் மடியில் வைத்துக்கொள்வோம். விளக்கைப் போட்டு எண்ணும்போது இருவர் விதையும் ஒத்துப்போனால்தான் கொப்பியில் எழுதுவேன். ஐந்து வருடங்களாக எனக்கு அந்தக் கால்மணி நேரத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது.

கடந்த சனிக்கிழமை இருட்டில் இருக்கும்போது, அரசாங்க ஒப்பந்தப்படி நிரந்தரமாக இந்தியா போவதற்குத் தம் குடும்பத்துக்குச் சீட்டு வந்துவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை காலை கப்பல்துறைக்குப் போகும் ரயிலில் ஏற வேண்டும் என்றும் கந்தப்பன் சொன்னார். நான் "நல்லது" என்றேன். அன்று எங்கள் விதைகள் ஒத்துப்போகவில்லை. பிழை என்னுடையது.

திங்கட்கிழமை காலை நானே, பற்றீரியாவைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுணுக்குக்காட்டியின் கண்ணாடி வில்லையைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, ஜெஸீமாவின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, வில்லையைக் கந்தப்பன் எடுத்ததாக முறைப்பாடு கொடுத்தேன். அது பொய். வழக்கு ஒன்று இருந்தால் அவரைப் போக விடமாட்டார்கள் என்பதும், அவரில்லாமல் குடும்பம் கப்பல் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். அவர் போகக் கூடாது என்பதே என் நோக்கம். அது கேவலமான காரியம் என்பதும் அப்போதே தெரியும். அன்று மாலை அவரைப் பிடித்து அடைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தனியாக இருட்டில் இருந்தேன். மடியில் ஐந்து விதை வைத்தேன். விளக்கைப் போட்ட பிறகு ஒத்துப்பார்க்க ஆளில்லை. கொப்பியில் எதுவும் எழுதவில்லை.

இன்று காலை இங்கே வந்தபோது, குடியிருந்த லயத்துக் காம்பராவைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு ராசம்மாவும் பிள்ளைகளும் மூட்டைகளோடு வாசலில் இருந்தார்கள். ராசம்மா எழுந்து எனக்கு வழிவிட்டார். அதன் பிறகு கம்பிக்குப் பின்னாலிருந்து கந்தப்பன் என்னைக் கண்டார். முறைப்பாடு கொடுத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

"ஐயா, அந்த வில்லை கெடச்சிருச்சுங்களா? மேசைக்கு அடியில நல்லாப் பாத்தீங்களா? அது இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். பிறகு, "கம்பளிய நீங்களே வச்சுக்கங்கய்யா. அங்கிட்டு வெயிலாமே" என்றார்.

அதன் பிறகு நான் விடுதிக்குப் போய் வில்லையை எடுத்துவந்து சார்ஜனிடம் ஒப்படைத்தேன். கந்தப்பனை இன்றே விடுதலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். ரயில் நாளைக் காலை. என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்கு உடன்படுகிறேன்.

என் ஒப்பத்துக்குச் சாட்சியாக, என்னை நன்கு அறிந்த ஒருவரை அழைக்கும்படி சார்ஜன் சொன்னார். இந்த ஊரில் என்னை நன்கு அறிந்தவர் கந்தப்பன் ஒருவரே என்று சொன்னேன். அவரை வெளியே அழைத்துவந்து, அவர் முன்னிலையில் இது முழுவதும் மீண்டும் வாசிக்கப்பட்டது. எழுதியிருப்பது நான் சொன்னதே, சொன்னது நடந்ததே.

(ஒப்பம்) மு. பலீல்

சாட்சி: கந்தப்பன் (இடது பெருவிரல் அடையாளம்)