செம்பியின் வாயை இழுத்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் குதிரையேற்றக் கழகத் தலைவர் தனேஸ்வரன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அகதா அக்கா அவர்களே, ஈப்போவிலிருந்தும் புந்தோங்கிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பு உள்ளங்களே, வணக்கம்! என் பெயர் பிரமிளா. அமரர் பயிற்றுநர் லூர்துசாமி அவர்களோடு ஒரே திடலில் குதிரை பழக்கியவள். அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூர்துசாமி அண்ணன் லேசான மனிதரா? இல்லவே இல்லை! அவரோடு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க முடியுமா? குவளையை இறுக்கிப் பிடித்தால், "இப்படித்தான் கடிவாள வாரையும் பிடிப்பியா?" என்பார். புந்தோங் சாலையில் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "முழங்கைய இளக்கு லா!" என்று கத்தியவர். உயிரை வாங்கிய மனிதர் ஐயா அவர்!

எதற்காகக் கத்தினார்? கடிவாள வாரின் ஒரு முனை நம் கையில். மறுமுனை ஓர் உயிரின் வாயில், பல்லில்லாத ஈறின் மேல். குதிரை நடக்கையில் தலை அசையும். கையும் கூடவே போக வேண்டும். தொளதொளவென்று விட்டால் நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. இறுக்கினால் வலியைத் தவிர வேறொன்றும் தெரியாது. காலால் முன்னே போகச் சொல். அதன் வாய் வார் வழியாக வந்து கையைத் தொடும். விரலை மெல்ல மூடு. கேட்டுக்கொண்டதா? உடனே இளக்கு. இவ்வளவுதானே! தொண்டை வறளச் சொன்னாரே, கேட்டோமா?

பந்தயத்துக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட செம்பியை அவர்தான் கொண்டுவந்தார். வாரைத் தொட்டாலே தலையை உதறும் குதிரை. பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடையிலேயே பழக்கினார். "எப்பண்ணே ஓட விடுவீங்க?" என்று நச்சரித்தேன். "முதல்ல என் கைய நம்பட்டும். பெலான் பெலான், மெதுவா மெதுவா" என்றார். கடைசியில் செம்பி கழுத்தைத் தளர்த்தி, கடிவாளத்தை மென்றுகொண்டு, அவர் கையைத் தேடி வந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அப்படிப்பட்டவரின் இறுதி ஊர்வலத்தில் நாம் என்ன செய்தோம்? செம்பியைப் பெட்டிக்குப் பின்னால் நடத்தி மரியாதை செய்கிறோமாம்! நல்ல எண்ணம்தான். வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வாரைப் பிடித்துத் தொங்கினீர்களே! செயலாளர் மகேந்திரன் அண்ணே, படத்தில் தலை நிமிர்ந்து தெரியட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தது யார்? செம்பி பின்னங்கால்களில் எழுந்தது. மலர்வளையம் போச்சு. கழகப் பதாகை போச்சு. அலமாக்! அவருடைய ஊர்வலத்திலேயா?

அப்புறம் யார் பிடித்தது? ஒருநாளும் குதிரையேறாத அவர் மனைவி, இந்த அகதா அக்கா! "விடுங்க லா எல்லாரும்!" என்றார். வாரை வாங்கி, கையை இளக்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர் அல்லவா! கல்லறை வரைக்கும் செம்பி அமைதியாகக் கூடவே போனது.

இப்போது செயற்குழு என்ன சொல்கிறது? செம்பி ஆபத்தான குதிரையாம், அனுப்பிவிடலாமாம். ஆபத்து குதிரையிலா, நம் கையிலா? அவர் விட்ட இடத்திலிருந்து செம்பியை நான் பழக்குகிறேன். வாரைத் தொடும் ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னதையே சொல்வேன். உங்கள் உயிரை நானும் வாங்குவேன்! ஆனால் அதற்குக் குதிரை இங்கே இருக்க வேண்டுமே! தலைவர் அவர்களே, இந்தச் சபையிலேயே ஒரு வார்த்தை சொல்லுங்கள். தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "இருக்கட்டும்" என்கிறார். நன்றி ஐயா.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மௌனமாக நிற்போம், ஆனால் கைகட்ட வேண்டாம். வாரைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னால் வையுங்கள். முழங்கை இளகட்டும். மகேந்திரன் அண்ணே, இறுக்காதீங்க. பெலான் பெலான். மறுமுனையில நம்ம லூர்து அண்ணன் இருக்காரு.