காலித் தட்டின் மூடி

பெயர், வயது எழுதுவதற்கு முன் ஒன்றைப் பதிந்துகொள்ளும்படி, வாக்குமூலம் எழுதும் காவல் அதிகாரியைக் கேட்டேன், அவர் சம்மதித்தார். எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்றும், என் நாத்தனாரின் தூண்டுதலால் ஆய்வகப் பொருள்களைத் திருடினேன் என்றும் புகாரில் உள்ளது. இரண்டும் பொய். இரண்டு கண்களுக்கும் புரை நீக்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஊசியில் நூலை நானே கோக்கிறேன். இந்தத் தாள்களையும் கண்ணாடி இல்லாமல்தான் படித்தேன். நாத்தனார் என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் சரியாக இருக்கின்றன. வயது எழுபத்தொன்று. புகாரில் எழுபத்தைந்து என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். கான்வென்ட் பள்ளியில் படித்தேன். அதன் பிறகு முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பின், கடற்கரை ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதற்குப் பழகிய ஆள் தேவை என்று கேட்டு, சம்பளம் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் போய்வந்தேன்.

அங்கே நடக்கும் வேலை இது. கரையோரம் ஆறு கம்பிக் கூண்டுகளில் உயிருள்ள சிப்பிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிப்பி ஓரிடத்தில் இருந்துகொண்டு நாள் முழுவதும் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். தண்ணீரில் உள்ள நுண் பிளாஸ்டிக் அதன் சதையில் தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூண்டுக்குப் பத்துச் சிப்பி எடுத்து, சதையைக் காரக் கரைசலில் கரைத்து வடிகட்டுவார்கள். வடிதாளில் நிற்பதைக் கண்ணாடித் தட்டில் வைத்து நான் எண்ணுவேன். இழைகளைத் தனியாகவும் சில்லுகளைத் தனியாகவும் எழுதுவேன்.

நம் உடையிலிருந்தும் காற்றிலிருந்தும் இழை உதிரும். அதனால் ஒவ்வொரு முறையும் ஈரமான வடிதாளை ஒரு காலித் தட்டில் போட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதில் விழுவதை எண்ணி, மற்ற தட்டுகளின் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இதை முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் குறிப்பும் எடுத்துக்கொண்டேன்.

நான்கு முறை எண்ணினேன். மொத்தம் இருபத்து நான்கு தட்டுகள். எல்லாக் கூண்டிலும் இழைகள் பதினைந்துக்கு மேல் வந்தன. காலித் தட்டில் நான்கு முறையும் பூஜ்யம். என் மேசை அவ்வளவு சுத்தம் என்று ஆய்வக அதிகாரி மற்றவர்களிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த எண்களை வைத்து, சென்ற மாதம் மூன்றாம் தேதி, கரை முழுவதும் சிப்பி எடுக்கத் தடை போட்டுப் பலகை நட்டார்கள்.

என் கணவரின் தங்கையும் இன்னும் எட்டுப் பெண்களும் முதல் இரண்டு கூண்டுகளுக்கு அருகே கழி நட்டுச் சிப்பி வளர்க்கிறார்கள். வேறு தொழில் அவர்களுக்கு இல்லை. பலகை நட்ட நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நாத்தனார் ஆய்வகத்துக்கு வந்தாள். காவலாளி தடுத்தும் என் மேசை வரை வந்துவிட்டாள். ஐந்தாம் முறைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது.

"உங்க கையெழுத்துதான அண்ணி அதுல? எண்ணுறதுக்கு உங்களுக்கு என் பொழப்புதான் கெடைச்சுதா?" என்றாள்.

"சத்தம் போடாதே. எண்ணினதைத்தான் எழுதினேன்" என்றேன்.

"அண்ணன் இருந்திருந்தா இந்தப் பலகையக் கிரேன்ல தூக்கிக் கடல்ல போட்டிருப்பாரு" என்றாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "இது என்ன, காலித் தட்டு?"

காற்றில் வருவது விழுவதற்காக வைத்தது என்றேன்.

"அப்ப மூடி எதுக்கு? உள்ள இருக்குறது எழுந்து ஓடிடுமா?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

மருத்துவமனையில் ஒரு தட்டைத் திறந்து வைத்தால் அன்றைய பரிசோதனை வீண். பள்ளியில் மூடாத மைப்புட்டிக்குச் சிஸ்டர் அரை மணி நேரம் நிற்க வைப்பார். தட்டை வைத்ததும் என் கை தானாகவே மூடியை எடுத்து வைத்திருக்கிறது. நான்கு முறையும், அன்றும். என் குறிப்பேட்டில், திறந்து வைக்க வேண்டும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அதன் பிறகு நாத்தனாரை அனுப்பிவிட்டு, மூடியை எடுத்தேன். நான்கு மணி நேரம் கழித்து எண்ணினேன். பதினேழு இழைகள். அவற்றில் பதினான்கு ஊதா நிறம். அந்த அறையில் குளிர் அதிகம் என்பதால் பருத்திக் கோட்டுக்குள் ஒரு ஊதாச் சால்வை போட்டிருப்பேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் அது வெளியே தெரியும். செயற்கை நூல். கணவர் இறந்த வருடம் நாத்தனார் பின்னிக் கொடுத்தது. மறுநாள் சால்வை இல்லாமல் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். மூன்று இழைகள்.

அதன் பிறகு இரண்டு வாரங்களில் இருபத்து நான்கு தட்டுகளையும் மறுபடி இரண்டு முறை எண்ணினேன். இழைகளில் பெரும்பாலானவை ஊதா. அவை கடலிலிருந்து வந்தவை அல்ல, என்னிடமிருந்து வந்தவை. மிச்ச இழைகளில் எத்தனை கடலுடையது, எத்தனை அறைக் காற்றுடையது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு மாதக் கணக்கு என்னால் அழிந்தது. இதைக் குறைத்து எழுத வேண்டாம் என்று பதிவு செய்யும் அதிகாரியிடம் சொன்னேன்.

ஆனால் ஆறாம் கூண்டின் நான்கு தட்டுகளில் இழை தவிர நீலச் சில்லுகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. கெட்டியானவை, ஓரம் கூர்மையானவை. திறந்து வைத்த தட்டில் ஒன்றுகூட விழவில்லை. மற்ற ஐந்து கூண்டுகளிலும் ஒன்றுகூட இல்லை. பழைய நீலப் பீப்பாய்களை நொறுக்கிக் கழுவும் ஆலையின் கழிவுநீர்க் குழாய் ஆறாம் கூண்டுக்கு எதிரேதான் கடலில் முடிகிறது. அங்கே பாறையிலிருந்து சிப்பி பெயர்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுக்கும் குடும்பங்கள் ஐந்து என்று எனக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, எண்ணி முடித்த அன்று மாலையே ஆய்வக அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"மேடம், மூடி, சால்வைன்னு எழுதினா எங்க மானம்தான் போகும். கண்ணு சரியாத் தெரியல, தப்பா எண்ணிட்டேன்னு ஒரே வரி எழுதிக் குடுங்க. மொத்தத்தையும் ரத்து பண்ணிடலாம். பலகையும் போயிடும், உங்க நாத்தனாருக்கும் நிம்மதி."

"ஆறாம் கூண்டு?" என்றேன்.

"மொத்தம்னா அதுவும்தான் மேடம்."

கண் தெரியாதவள் எண்ணியது என்றால் சில்லுகளும் இல்லை என்றாகிவிடும். மூடி போட்டவள் எண்ணியது என்றால் இழைகள் மட்டும்தான் போகும். அதனால் நான் எழுதித் தரவில்லை.

அன்று இரவு உணவுக்கு முன் நாத்தனார் என் வீட்டுக்கு வந்தாள். அதிகாரி அவளிடமும் பேசியிருந்தார். அவள் சண்டை போடவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி, "ஒரு வரிதான அண்ணி. ஒம்போது வீட்டுல அடுப்பு எரியும். உங்க கண்ணப் பத்தி யாரு என்ன நெனச்சா உங்களுக்கு என்ன?" என்றாள்.

கண்ணைப் பற்றி இல்லை, ஆறாம் கூண்டைப் பற்றி என்றேன்.

"அது எங்க கழி இல்லையே" என்றாள். பிறகு, "நான் ஏன் அந்த மூடியப் பத்திக் கேட்டேன்" என்றாள். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் போனாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

சென்ற திங்கட்கிழமை காலை, எல்லாத் தட்டுகளையும் கழுவி வைக்கும்படி ஆய்வக அதிகாரி உதவியாளரிடம் சொல்வதைக் கேட்டேன். உதவியாளர் தேநீர் குடிக்கப் போனபோது இருபத்து நான்கு தட்டுகளையும் எண் வரிசைப்படி எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் மூடி தேவை, போட்டேன். வெளியே போகும் பொருள்களுக்கான பதிவேட்டில், காலை பதினொன்று பத்து, இருபத்து நான்கு தட்டுகள், காவல் நிலையத்துக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பக்கத்தைக் காவல் அதிகாரி பார்க்க வேண்டும். திருடப் போனவள் போகும் இடத்தை எழுதிவைக்க மாட்டாள்.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். வாசலில் இருந்த காவலர் டப்பாவைப் பார்த்து, "என்ன பாட்டி, யாருக்கு டிபன்?" என்றார். சிப்பி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கரைத்தாயிற்று என்றதும் எழுத்தரிடம் அனுப்பினார். எழுத்தர் டப்பாவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். புகார் அதன் பிறகு, மாலை மூன்று மணிக்குத்தான் வந்தது. ரசீதில் நேரம் இருக்கிறது.

இதில் உள்ளவை நான் பார்த்தவையும் செய்தவையும் மட்டுமே. எழுதியதை நானே படித்தேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தவறு என்று இதில் இருப்பது என் தவறுதான்.

ஒரு வேண்டுகோள். அந்த டப்பா எழுத்தரின் அலமாரிக்கு மேல் வெயில் படும் இடத்தில் இருப்பதைக் கண்டேன். அதற்கு முத்திரை வைத்து, என் எண்களைச் சொல்லாமல், வேறு ஓர் ஆய்வகத்தில் எண்ணச் செய்ய வேண்டும். யார் எண்ணுவார்கள், எந்தத் தேதியில், ஆறாம் கூண்டில் என்ன கண்டார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். ஒரு பிரதி எனக்கு, இன்னொரு பிரதி என் நாத்தனாருக்கு. அவள் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் சொன்னால் இப்போது கேட்கமாட்டாள். எழுத்தில் வந்தால் படிப்பாள்.

(கையொப்பம்)